வெல்டரை ஏங்க திட்டுறீங்க?

"அணு உலை பழசானா என்ன சார், விரிசல் விட்ட இடத்துல வெல்டிங் அடிச்சா போச்சு!"

இப்படிச் சொல்ற பொறியாளர்களை நானே பார்த்திருக்கேன். வேலை சொதப்பினா "வெல்டர் கை சரியில்லை"ன்னு முடிச்சுக்குவாங்க. கடுப்பாகுதுங்க. அதான் இந்தப் பதிவு.

மேட்டர் ரொம்ப சிம்பிள். உலைக்குள்ள இருக்கிற பாகங்கள் பெரும்பாலும் 304 மாதிரியான எவர்சில்வர் ரகம். அதுல நிக்கல் உண்டு, துளியூண்டு போரானும் உண்டு. வருசக்கணக்கா நியூட்ரான் அடி வாங்கினா, போரான்-10 உடைஞ்சு லித்தியமும் ஹீலியமும் ஆகுது. நிக்கல்-58 ஒரு நியூட்ரானை முழுங்கி நிக்கல்-59 ஆகுது, இன்னொண்ணை முழுங்கி ஹீலியத்தைக் கக்குது. பலூன்ல அடைக்கிற அதே ஹீலியம்தான். எஃகுல கரையாது, வெளியே போகவும் வழியில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்.

டார்ச்சை வெச்சதும்தான் கூத்து ஆரம்பம். எஃகு ஒரே துண்டா தெரிஞ்சாலும், உள்ள குட்டிக் குட்டிப் படிகங்கள் ஒட்டிக்கிட்டு நிக்குது. சூட்டுல ஹீலியம் நகர்ந்து அந்த ஒட்டுகள்ல குமிழா சேரும். வெல்டு ஆறும்போது சுருங்கி இழுக்கும் இல்லையா, அந்த இழுப்புல குமிழ்கள் பெருத்து, ஒட்டு பிளந்துடும். பத்து லட்சம் அணுவுக்கு ஒண்ணு ரெண்டு ஹீலியம் அணு இருந்தாலே வழக்கமான டிக் வெல்டிங்குக்கு ஆபத்து!

கதை விடலைங்க. அமெரிக்காவில் தெற்கு கரோலினா மாநிலத்துல சவான்னா ரிவர். அணு ஆயுதத்துக்குப் புளுட்டோனியம் தயாரிச்ச இடம். அங்க 'சி' உலையோட எவர்சில்வர் டேங்க் கசிஞ்சப்போ 1968-ல ஒட்டுப் போட்டாங்க, நின்னுது. 1980-கள்ல மறுபடி முயற்சி பண்ணினாங்க. வெல்டுக்குப் பக்கத்துலயே புது விரிசல்! 1985-ல நின்ன உலை அப்புறம் ஓடவே இல்லை. இதுல வெல்டர் கை என்னங்க பண்ணும்?

"முதல்ல சூடு பண்ணிப் பதப்படுத்திட்டா?" அது வேற வியாதிக்கு மருந்து. நியூட்ரான் பட்டு நொறுங்குற தன்மை வந்த அழுத்தக் கலன்களை சோவியத்துல 1987-லயே சூடேத்தித் தேத்தினாங்க. ஆனா ஹீலியம் அதுக்கெல்லாம் போகாது. சூடுதான் அதுக்குத் தீனியே.

வழியே இல்லைன்னு சொல்லலை. சூட்டையும் இழுப்பையும் குறைக்கணும். ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துல லேசரும், உருக்காம உரசியே ஒட்டுற முறையும் வெச்சு 2017-ல இருந்து கதிரியக்க எஃகையே ஒட்டிப் பார்க்கறாங்க. தடிச் சுவருக்குப் பின்னாடி, எந்திரக் கையால. தெருமுனைப் பட்டறை வேலையில்ல இது.

அமெரிக்காவில் 40 வருச உரிமத்தை 60 ஆக்கி, இப்ப 80 வரைக்கும் நீட்டுறாங்க. நீட்டட்டும். ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எந்தப் பாகத்துல எவ்ளோ ஹீலியம்னு கேட்டீங்களா? எஃகு வாங்கும்போது போரான் அளவைப் பார்த்தீங்களா? கழட்டி மாத்துற மாதிரி டிசைன் பண்ணினீங்களா? இதெல்லாம் செய்யாம கடைசியா வர்ற வெல்டர் தலையில கட்டுறது அநியாயம் சாமி.

டிஸ்கி: டர்பைன் பக்கமெல்லாம் இந்தப் பிரச்சினை இல்லை, தாராளமா வெல்டிங் அடிங்க. நான் சொன்னது உலையோட வயித்துக்குள்ள இருக்கிறதை மட்டும்.