பெட்டிக்குள் நூறு பெட்டி

உங்கள் வீட்டில் எலெக்ட்ரிக் கிடார் கற்றுக்கொள்ளும் பிள்ளையோ பெண்ணோ உண்டா? இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இருக்கக்கூடும். இரண்டில் எதுவானாலும், இந்த வாரம் நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிரயோஜனப்படும்.

எங்கள் வீட்டில் இருப்பது பெண். வயது 15. அவளுக்கு வீணை கற்றுக்கொடுக்க வேண்டுமென்று நான் கண்ட கனவு தனிக் கதை, அது கிடக்கட்டும். கிடாரோடு கூடவே டிரங்குப் பெட்டி அளவுக்கு ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரும் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தது. பத்து நாள் ஆகியிருக்கும். கீழ் வீட்டுப் பாட்டி மாடிப்படி ஏறி வந்தார். முழங்கால் வலிக்காரர் படியேறி வருகிறார் என்றால் விஷயம் பெரிதாகத்தானே இருக்கும்? ஆனால் அவர் சண்டைக்கு வரவில்லை.

"குழந்தை நன்னா வாசிக்கறா. ஆனா அவ வாசிக்கறச்சே என் கட்டில் ஆடறதும்மா" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் போனதும் பெண்ணைக் கூப்பிட்டு, "சத்தத்தைக் குறைத்து வாசிக்கக்கூடாதா?" என்றேன்.

"குறைச்சா நல்லா இருக்காதும்மா" என்றாள்.

சாக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். விசாரித்த பிறகல்லவா அவள் சொன்னது வாஸ்தவம் என்று புரிந்தது!

வீணைக்குக் குடம் உண்டு. எலெக்ட்ரிக் கிடாருக்கோ பெரும்பாலும் கெட்டியான கட்டைதான். தந்தியை மீட்டினால் கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கும். ஆகவே ஆம்ப்ளிஃபயர்தான் அதற்குக் குடம். வாத்தியத்தில் சரிபாதி அது. வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, திருகிவிட்டுச் சூடேறும்வரை காத்திருந்தது ஞாபகம் இருக்கும். அதே ஜாதி வால்வுகளை வைத்துத்தான் பீட்டில்ஸ் கோஷ்டியார் வாசித்த வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரும், 1962-ல் லண்டனில் பிறந்த மார்ஷல் ஆம்ப்ளிஃபயரும் வேலை செய்தன. வால்வுக்கு ஒரு விசேஷ குணம். தாங்கும் அளவுக்கு மேல் வேலை வாங்கினால் நாதம் சற்றே உடைந்து, கரகரத்து, கனத்து வரும். ராக் சங்கீத ரசிகர்கள் உருகுவது அந்தக் கரகரப்புக்குத்தான். அது வேண்டுமென்றால் சத்தத்தை ஏற்ற வேண்டும். ஏற்றினால் பாட்டியின் கட்டில் ஆடும்!

இந்தச் சிக்கலை அவிழ்க்க வந்ததுதான் டிஜிட்டல் மாடலிங் ஆம்ப்ளிஃபயர். தந்தியிலிருந்து வரும் மின்சார அலையை அது விநாடிக்கு நாற்பதாயிரம் தடவைக்கு மேல் அளந்து எண்களாக மாற்றிக்கொள்கிறது. 'இன்ன வால்வும் இன்ன ஸ்பீக்கரும் இருந்தால் இந்த அலை எப்படி மாறியிருக்கும்?' என்று கணக்குப் போட்டு, விடையைத் திரும்ப ஒலியாக்கித் தருகிறது. நல்ல மிமிக்ரிக்காரர் மெல்லிய குரலிலேயே சிம்மக் குரல் நடிகரைக் கண் முன் நிறுத்திவிடுகிறார் அல்லவா? அப்படித்தான். அமெரிக்காவில் லைன் 6 கம்பெனி இத்தகைய ஆம்ப்ளிஃபயரை 1996-ல் கொண்டுவந்தது. 2011-ல் யமஹா கம்பெனி வீட்டுக்கென்றே மேஜை ரேடியோ அளவில் ஒன்று செய்தது. 2016-ல் பாஸ் கம்பெனியின் கடானா வந்தது. 50 வாட் பெட்டியை அரை வாட்டில் ஓட்ட அதில் ஒரு ஸ்விட்ச் உண்டு.

நாங்களும் ஒரு சின்னப் பெட்டி வாங்கினோம். வீட்டில் அமைதி திரும்பியது. ஆனால் சகோதரிகளே, சௌகரியம் என்று ஒன்று வந்தால் அதன் பின்னால் சங்கடமும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடும் போலிருக்கிறது!

முதல் சங்கடம், பெட்டிக்குள் நூறு பெட்டிகள் இருப்பது. ஒரு மணி நேர சாதகத்தில் முக்கால் மணி நேரம் 'இந்த நாதமா, அந்த நாதமா' என்று திருகுவதிலேயே போயிற்று. புடவைக் கடையில் நாம் படுகிற பாடுதான்! கடைசியில், மாதத்துக்கு ஒரே நாதம் என்று சட்டம் போட்டேன். மாற்றுவதானால் அடுத்த மாதம் முதல் தேதிதான்.

இரண்டாவது சங்கடம் பெரிது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெண் தன் அறையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து மாடிப்படியில் பாட்டி என்னை நிறுத்தி, "குழந்தை வாத்தியத்தை விட்டுட்டாளா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவள் என்ன வாசிக்கிறாள் என்று எனக்கே தெரியாதே!

அன்றிரவு அவள் ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். அப்பாடி! பாட்டியின் கட்டிலை ஆட்டிய சத்தம் முழுவதும் இப்போது என் பெண்ணின் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபல் சத்தமானால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலானால் 4 மணி நேரந்தான். குழந்தைகளுக்கோ இன்னும் குறைவு. உள்காதில் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. காதுக்கு இன்னொரு காது கடையில் கிடைக்குமா?

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. மாலை ஆறரை முதல் ஏழு வரை, கூடத்தில், சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கரிலேயே வாசிக்க வேண்டும். பெட்டி தரையில் இராது; மடித்த ஜமுக்காளத்தின் மேல், ஸ்டூலில், சுவரை விட்டுத் தள்ளி இருக்கும். அதிர்வு கீழ் வீட்டுக்கு இறங்காமலிருக்க இது ஒத்தாசை. ஹெட்போன் இரவில் மட்டும். அதுவும் பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் கூப்பிட்டால் காதில் விழும் அளவுக்குத்தான். மாட்டுவதற்கு முன் சத்தத் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வாட் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். வாட் பத்து மடங்கானால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தோன்றும். படுக்கையறைக்குப் பத்து வாட்டே தாராளம். அமெரிக்காவிலிருந்து யாராவது வாங்கி வந்தால், நம் ஊர் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று முத்திரையைப் படித்துவிட்டுச் சொருகுங்கள்.

போன வாரம் ஏழு மணிக்குப் பாட்டி மறுபடி படியேறி வந்தார். கட்டில் ஆடுகிறதோ என்று பயந்தேன்.

"நடுவிலே ஒரு இடத்திலே தினமும் தடுக்கறாளே, கவனிக்கச் சொல்லும்மா" என்றார்.

பெண் அந்த இடத்தை வாசித்துப் பார்த்தாள். பாட்டி சொன்னது சரிதான். மூன்று மாதமாக ஹெட்போனுக்குள்ளேயே ஒளிந்திருந்த தவறு அது.