வீட்டுக் காரியம்: மோட்டாருக்கு மங்கள ஸ்நானம்

தஞ்சைச் சீமையில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு கஷ்டம் உண்டு. அந்தக் கஷ்டத்தின் பெயர் நெல். நெல்லினால் வயிறு வளர்க்கும் ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா என்று நேயர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். தை மாதத்தில் சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும்போது மன்னார்குடிச் சாலையில் ஒரு முறை போய்த் திரும்புங்கள். சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்து கொண்டிருக்கும். கொள்முதல் நிலையத்தின் வாசலில் தூற்றிக் கொண்டிருப்பார்கள். வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஆடி அசைந்து போகும். வீட்டு வாசலில் வந்து இறங்கிப் பார்த்தால், வண்டியின் மேல் மஞ்சள் பூசியது போல் மெல்லிய தூசி படிந்திருக்கும்.

உடனே நாம் என்ன செய்கிறோம்? மஞ்சள் துணி ஒன்றை எடுத்து, நாலு தடவை உதறிவிட்டு, அழுத்தி ஒரு துடை துடைக்கிறோம். அந்த ஒரு துடையைப் பற்றியே இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது. வண்டியின் வர்ணத்தை வெயிலும் மழையும் கெடுப்பதைக் காட்டிலும், உலர்ந்த துணியைப் பிடித்த அன்பான கைகளே அதிகமாகக் கெடுக்கின்றன.

நெற்பயிர் சேற்றுநீரிலிருந்து சிலிகா என்னும் சத்தை ஏராளமாக உறிஞ்சிக் கொள்ளும் பயிர். மணலுக்கும் கண்ணாடிக்கும் மூலப்பொருளும் அதுவே. தாள் விறைத்து நிற்பதற்கும், அறுவடை செய்பவர்களின் கைகளை இலை கீறுவதற்கும் அது காரணம். உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது. அந்தச் சாம்பலில் 100-க்கு 85 பங்குக்கு மேல் சிலிகா. நம் பாட்டிமார்கள் உமிக்கரியால் பல் விளக்கியதும், பாத்திரம் தேய்த்ததும் இரசாயன சாஸ்திரம் படித்துவிட்டல்ல. ஆனால் அது நன்றாகத் தேய்க்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. களத்தில் நின்றவர்களின் உடம்பெல்லாம் அரிக்கச் செய்யும் சுணையும் இதே சரக்குதான். அந்தச் சுணை படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பது, உமிக்கரியைத் தொட்டு வர்ணத்தை விளக்குவதற்குச் சமானம். பித்தளைக் குடத்துக்கு அது அழகு. மோட்டாருக்கு அது நாசம்.

ஏன் நாசம் என்றால், வர்ணத்தின் கனத்தைப் பார்க்க வேண்டும். ஆதியில் மோட்டார்களுக்குக் குதிரை வண்டிகளைப் போலவே எண்ணெய் வார்னிஷ் பூசினார்கள். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்து வண்டி வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். 1924-இல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியாரின் ‘டூகோ’ என்ற பூச்சு ஓக்லாண்ட் என்னும் வண்டிக்கு அடிக்கப்பட்ட பிறகு, வாரங்கள் மணிகளாகக் குறைந்தன. நம் நாட்டு அம்பாஸடர் வண்டியை வைத்திருந்த குடும்பங்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கலாம்: பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறமே ஏறும். நிறமும் மெருகும் ஒரே பூச்சாக இருந்ததன் அடையாளம் அது. இப்பொழுது ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை அப்படியல்ல. தகட்டின் மேல் துருத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் இன்னொரு பூச்சு, பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத தெளிந்த உறை. நாலும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று அதிகம். தெளிந்த உறை மட்டும் 40 அல்லது 50 மைக்ரான். ஒரு தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், நாம் எதைத் தேய்த்துக் கொண்டிருக்கிறோம் என்பது விளங்கும்.

“ஐயா, வண்டியைக் கண்ணாடி மாதிரி துடைச்சு வச்சிருக்கேன், பாருங்க!” என்று தெருவில் மாதச் சம்பளத்துக்கு வண்டி துடைக்கும் மனிதர் சந்தோஷமாகச் சொல்கிறார். காலை நிழலில் கண்ணாடி மாதிரிதான் தோன்றும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது கருநிற வண்டியைப் பாருங்கள். சிலந்தி வலை பின்னியது போல் வட்டம் வட்டமாக ஆயிரம் கீறல்கள் தெரியும். இதற்கு அவரைக் கோபிப்பது அநியாயம். ஒரே வாளித் தண்ணீரையும் ஒரே துணியையும் வைத்துக் கொண்டு பத்து வண்டியைத் துடைக்கச் சொன்னவர்கள் நாம். இன்னொரு வாளியும், சுத்தமான துணிகள் நாலும் நாம் வாங்கிக் கொடுத்தால் அவரும் நன்றாகவே செய்வார்.

கீறல் விழுந்தால் பட்டறையில் மெருகு போட்டுவிடலாம் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். மெருகு போடுவதென்பது கீறலை நிரப்புவதல்ல. சுற்றியுள்ள உறையைக் கீறலின் ஆழம் வரையில் இழைத்துக் குறைப்பது. முதலே மெல்லிய உறை; அதை எத்தனை தடவை இழைப்பது?

ஆகையால் தூசியைத் துடைக்கக் கூடாது. நனைத்துக் கழுவ வேண்டும். இதற்குப் பெரிய சாமான்கள் தேவையில்லை. காலை வெயில் ஏறுவதற்கு முன், நிழலில், என்ஜின் மூடி கைக்குக் குளிர்ந்திருக்கும்போது ஆரம்பிக்கவும். தோட்டத்துப் பூவாளியால் கூரையிலிருந்து கீழ்நோக்கித் தாராளமாகத் தண்ணீர் விடவும். சுணையில் முக்கால்வாசி இதிலேயே இறங்கிவிடும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் மோட்டாருக்கென்று விற்கும் சோப்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். சோப்பு நீரில் தோய்த்த துணியால் ஒரு பாகத்தைத் தடவியதும், துணியை வெறும் நீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் மறுபடி சோப்பில் தோய்க்க வேண்டும். அலசிய வாளியின் அடியில் கடைசியில் படியும் மண்ணைப் பார்த்தால், அவ்வளவும் வர்ணத்தின் மேல் ஓடியிருக்க வேண்டியது என்பது புலப்படும். கையை அழுத்த வேண்டாம். வட்டமாகச் சுழற்றவும் வேண்டாம். நேர்கோடாக இழுத்தால் போதும். சக்கரங்களுக்கும் கதவின் கீழ்ப்பாகத்துக்கும் தனித் துணி.

பாத்திரம் துலக்கும் சோப்பு வண்டியின் மேலுள்ள மெழுகை அரித்துவிடும். சீயக்காயும் அரைப்பும் நம் தலைக்கு எவ்வளவு உத்தமமானாலும், அந்தப் பொடிகளின் சக்கை வர்ணத்தைக் கீறும். கதர்த் துண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேசபக்தர்களின் தோளில் அது விளங்கட்டும். ஆனால் முரட்டு நூலான அது மோட்டாரின் முதுகுக்கு ஆகாது. கடையில் கிடைக்கும் மைக்ரோஃபைபர் துணி நல்லது. அது இல்லாத வீட்டில், பல தடவை துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய மல் வேஷ்டியைக் கரையைக் கிழித்து நீக்கிவிட்டு உபயோகிக்கலாம்.

கழுவியதும் தானாக உலரட்டும் என்று விடக் கூடாது. ஆழ்குழாய் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் உப்பும், துளி உலர்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாய் வட்டம் கட்டிக் கொள்ளும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இது அதிகம். 1930-இல் ராஜாஜியும் தொண்டர்களும் எந்த உப்பை அள்ளுவதற்காகத் திருச்சியிலிருந்து நடந்தார்களோ, அந்த உப்பு அங்கே காற்றிலும் இருக்கிறது. அப்பகுதியினர் வண்டியின் அடிப்புறத்துக்கும் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் காட்டுவது அவசியம்.

இனி, தண்ணீரைப் பற்றி. ரப்பர்க் குழாயைத் திறந்து கீழே போட்டுவிட்டுக் கழுவினால் நிமிஷத்துக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் ஓடும். அரைமணியில் 300 லிட்டர் வாசலில் போய்விடும். மேலே சொன்ன முறைக்கு நாலைந்து வாளி தாராளம். மிச்சப்படுத்துவதற்காக வண்டியை ஆற்றங்கரைக்கு ஓட்டிச் சென்று படித்துறை ஓரத்தில் நிறுத்திக் கழுவும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. ஆற்றில் அள்ளியதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை என்பது வாஸ்தவம். ஆனால் தஞ்சை நகரத்துக்குள் ஓடும் புது ஆறு நம் வாசலோடு முடிந்துவிடவில்லை. கல்லணையில் பிரிந்து வரும் அந்தக் கால்வாய் ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் அப்பால் பேராவூரணி வரை போகவேண்டும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் மதகு திறப்பார்களா என்று பத்திரிகையைப் பார்த்துக் கொண்டிருக்கும் கடைமடைக் குடியானவருக்கு, வந்து சேரும் கொஞ்ச நீரில் நம் என்ஜின் எண்ணெயும் சோப்பு நுரையும் மிதந்து போவதை எப்படி நியாயம் என்று சொல்வது? ஆற்றில் மாடு குளிப்பாட்டுவதையும் இதையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. மாட்டின் மேல் கிரீஸ் இல்லை. நீர்நிலையில் தெரிந்தே மாசு விடக் கூடாதென்று 1974-ஆம் வருஷத்துச் சட்டமும் சொல்கிறது. வீட்டில் கழுவும்போதும், கழுவிய நீர் வாய்க்காலுக்குள் நேரே ஓடாதபடி மண்தரையில் வண்டியை நிறுத்துவது நல்லது.

தினசரி வரும் சில்லறை உபத்திரவங்களும் உண்டு. காக்கை எச்சத்தில் இருக்கும் அமிலம், வெயிலில் சூடேறிய உறையை அரித்துத் தழும்பு போட்டுவிடும். அன்றைக்கே கவனிக்க வேண்டும். சுரண்டக் கூடாது. நனைத்த துணியை அதன் மேல் பத்து நிமிஷம் போட்டு வைத்தால் ஊறித் தானே எழும்பும். ஐப்பசி கார்த்திகை இரவுகளில் விளக்கைத் தேடி வந்து முன்புறத்தில் அப்பிக் கொள்ளும் பச்சைத் தத்துப்பூச்சிக்கும் இதே வைத்தியம். தார்ப் புள்ளிக்குத் துளித் தேங்காயெண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு ஒற்றியெடுத்து, பிறகு சோப்பு நீர் காட்டவும். ஆயுத பூஜையன்று பக்தி மேலிட்டு வண்டி முழுவதும் சந்தனமும் குங்குமமும் அப்பி, விஜயதசமி கழிந்து ஒரு வாரம் வரை விட்டுவைக்கிறோம். வெள்ளை வண்டியில் அந்தச் சாயம் அடுத்த ஆயுத பூஜை வரையில் போகாமல் இருப்பதும் உண்டு. பொட்டைக் கண்ணாடியில் இட்டால் அம்பாள் ஆட்சேபிக்க மாட்டாள். மாலை கட்டும் கம்பியிலும் கொஞ்சம் ஜாக்கிரதை.

மெழுகு பூசுவது வருஷத்தில் மூன்று நாலு தடவை போதும். முக்கியமாகப் புரட்டாசியில், அடைமழைக்கு முன். நல்ல மெழுகுகளில் சேரும் கார்னௌபா என்பது பிரேசில் தேசத்தின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை. நம் பனையைப் போலவே விசிறி ஓலை. வறட்சியில் ஈரம் போகாமலிருக்க ஓலையின் மேல் மெழுகு சுரக்கிறது. ஓலையை வெட்டி உலர்த்தி அடித்து அதை உதிர்க்கிறார்கள். 80 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் நம் சித்திரை வெயிலுக்குத் தாங்கும். கழுவி முற்றும் உலர்ந்த வண்டியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக மெல்லிசாகப் பூசி, மங்கலாக உலர்ந்ததும் வேறு துணியால் எடுத்துவிடவும். கனமாகப் பூசினால் லாபமில்லை. துடைக்கும் வேலைதான் அதிகம்.

வேலை முடிந்ததும் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே துவைத்து, தூசி படாத கொடியில் உலர்த்தி, மூடிய டப்பாவில் வைக்கவும். நடுவில் கை தவறித் தரையில் விழுந்த துணியை, எவ்வளவு உதறினாலும் சரி, துவைக்காமல் மறுபடி வண்டியின் மேல் வைக்க வேண்டாம்.