போதுமா என்று கேட்டீர்களா?



சென்ற மாதம் ஒரு தாய் எழுதிய கடிதம் என் மேசை மீது இருக்கிறது. அவருடைய மகனுக்கு 19 வயது. வெளிநாட்டிலிருக்கும் தகப்பன் அனுப்பிய காசில் மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான். பெருநாளன்று கூட்டாளிமாரோடு சேர்ந்து கடற்கரைப் பாதையில் பந்தயம் ஓடியிருக்கிறான். அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பியுமிருக்கிறார்கள். தாய் கண்டித்தபோது, “சந்தோஷமா இருக்கிற வயசுல இருக்க விடுங்க உம்மா” என்றானாம். “இதற்கு நான் என்ன பதில் சொல்ல, மௌலவி?” என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

உடனே ஒரு பயான் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் பேனாவை எடுத்தபோது எனக்கு என்னுடைய பதினைந்து வயதுதான் நினைவுக்கு வந்தது.

நான் காலிக் கோட்டைக்குள் வளர்ந்தவன். ஒல்லாந்தர் கட்டிய மதிலின் தென்முனையில், ‘ஃப்ளெக் ரொக்’ என்று எல்லோரும் சொல்லும் பாறைமுனை இருக்கிறது. அங்கிருந்து கடலுக்குள் குதிப்பது கோட்டை இளைஞர்களின் பழைய பழக்கம். கீழே பாறைகள். அவற்றுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளி. அலை ஏறி வரும் நேரம் பார்த்து அந்த இடைவெளிக்குள் விழ வேண்டும். சுற்றுலாப் பயணிகள் கைதட்டுவார்கள், காசும் கொடுப்பார்கள். 1990களின் நடுப்பகுதியில் ஒருநாள், வீட்டுக்குத் தெரியாமல், நானும் குதித்தேன்.

உண்மையைச் சொல்வதென்றால், அது பெரிய சந்தோஷமாகத்தான் இருந்தது. கால் பாறையை விட்டதும் நெஞ்சு நின்றுவிட்டது போலிருந்தது. தண்ணீருக்கு மேலே தலை வந்ததும் உலகத்தையே வென்றுவிட்டது போலிருந்தது. மேலே நின்ற கூட்டாளிமார் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஆனால் அந்தச் சந்தோஷம் மஃரிப் வரைக்கும்கூட நிற்கவில்லை. அடுத்த நாள் அதே குதிப்பு பழையதாகிவிட்டது. தலைகீழாகக் குதித்தால் என்ன, இருட்டில் குதித்தால் என்ன என்று பேச்சு வந்தது. அப்படிப் போட்டி போட்ட ஒருவர் இன்றும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

உம்மாவுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. சோற்றுப் பீங்கானை என் முன்னால் வைத்துவிட்டு, “கடலுக்கு நீச்சல் தெரிஞ்சவன், தெரியாதவன் எண்டு கணக்கு இல்ல, மகன்” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதன் பிறகு நான் குதிக்கவில்லை.

சகோதரிகளே, இளம் இரத்தம் துணிச்சலைத் தேடுவது இயற்கை. நமது மார்க்கம் அதை மிதிக்கவில்லை. குதிரையேற்றத்தையும் அம்பெய்தலையும் நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அதில் ஒருமுறை அன்னையவர்கள் முந்தினார்கள், பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். ஆனால் தன்னைத்தானே அழிவில் போட்டுக்கொள்வதை அல்குர்ஆன் தடுக்கிறது. நமது நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் பெருந்தொகையினர். பாதையில் பந்தயம் ஓடுபவன் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. பாதையோரம் நடந்து போகும் ஒரு கிழவரின் உயிரும், வீட்டில் காத்திருக்கும் தாயின் நிம்மதியும் அவன் பந்தயத்தில் சேர்ந்துவிடுகின்றன.

இனி இன்னொரு விஷயம்.

எங்கள் கூட்டத்தில் குதிப்பதில் முதல்வனாக ஒருவன் இருந்தான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் எழுந்தபோது, கோட்டை மதில் எங்களில் பெரும்பாலானோரைக் காப்பாற்றியது. மதிலுக்கு வெளியே பஸ் நிலையமும் கடைத்தெருவும் சில நிமிடங்களில் அழிந்தன. இலங்கை முழுவதும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வீடிழந்தவர்கள் பள்ளிவாசல்களிலும் பன்சலைகளிலும் பாடசாலைகளிலும் தங்கினார்கள். நாங்களும் ஒரு பாடசாலை முகாமுக்குச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்தோம்.

அங்கே பிள்ளைகள் லொறிச் சத்தம் கேட்டாலே அலறினார்கள். ஒரு சிறுமி நான்கு நாட்களாக வாய் திறக்கவில்லை. சோற்றுப் பார்சல் கொண்டு வந்த நம்முடைய குதிப்புக்காரன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திடீரென்று இரண்டு கைகளையும் நிலத்தில் ஊன்றி, கால்களை மேலே தூக்கி, வராந்தா நீளத்துக்குக் கைகளால் நடந்தான். சட்டைப்பையில் இருந்த சில்லறையெல்லாம் சிதறியது. பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். அந்தச் சிறுமி சிரித்துவிட்டாள். மூலையில் இருந்த அவளுடைய தாய் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

திரும்பி வரும் வழியில் அவன் சொன்னான்: “மச்சான், நான் எத்தினையோ தரம் குதிச்சிருக்கிறன். எத்தினையோ பேர் கை தட்டியிருக்காங்க. அந்தப் புள்ள சிரிச்சது மாதிரி ஒண்டும் இல்ல.”

அதே உடம்பு, அதே துணிச்சல். முன்பு தன்னைப் பார்க்கச் சொல்லி ஊரைக் கூப்பிட்டது. இப்போது ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தது. அந்தச் சந்தோஷம் மஃரிபோடு முடிந்துவிடவில்லை. இன்றும் அதைப் பற்றிக் கதைத்தால் அவன் கண் கலங்குகிறது.

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் நல்ல கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் என் குறையொன்றையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது.

அந்த முகாமுக்குப் போன சோற்றில் ஒரு பங்கு என் உம்மா சமைத்தது. சுபஹுக்கு முன் அடுப்பு மூட்டுவார். இஷாவுக்குப் பிறகுதான் சட்டி கழுவி முடியும். பிறரைச் சந்தோஷப்படுத்துவதே பெரிய சந்தோஷம் என்று நான் மிம்பரில் பேசியபோதெல்லாம், உதாரணமாக உம்மாவைத்தான் மனதில் வைத்திருந்தேன். “உங்களுக்கு என்ன சந்தோஷம், உம்மா?” என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, அவர் நோயில் கிடந்து எழும்பிய ஒரு நாளில்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒருக்கா மதிலுக்கு ஏறிப் பாக்கணும்” என்றார். நான் திகைத்துப்போனேன். எங்கள் வீட்டிலிருந்து மதில் இரண்டு தெரு தள்ளித்தான். ஊரார் எல்லோரும் அசருக்குப் பிறகு அங்கேதான் காற்று வாங்குவார்கள். “எல்லாரும் போறது அசருக்குப் பொறகுதானே. அது எனக்கு தேத்தண்ணி ஊத்துற நேரம்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

ஒரு பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு விளையாடினார்கள். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் பார்க்க விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் தமக்குப் பின்னால் அவர்களை நிற்க வைத்துப் பார்க்கச் செய்தார்கள். அன்னையவர்களுக்கு அலுக்கும் வரை நபியவர்கள் நகரவில்லை. பிறகு, போதுமா என்று கேட்டார்கள். எத்தனையோ வருடங்களாக நான் மாணவர்களுக்குப் பாடம் நடத்திய ஹதீஸ் இது. அரபு இலக்கணமெல்லாம் விளக்கியிருக்கிறேன். என் வீட்டுக்குள் அந்தக் கேள்வியை நான் கொண்டு வரவில்லை.

அடுத்த நாள் அசர் தொழுதுவிட்டு உம்மாவைக் கைபிடித்து ஏற்றினேன். அன்றைக்குத் தேத்தண்ணி ஊற்றியவன் நான். வெளிச்சவீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் பக்கத்தில், மதில் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் சென்றது. “போதுமா, உம்மா?” என்றேன். “இன்னும் கொஞ்சம்” என்றார். பாங்கு சொல்லும் வரை இருந்தோம். பிறகு ஓரிரு தடவைகள்தான் அவரால் ஏற முடிந்தது. இப்போது அவர் இல்லை. அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக.

கடிதம் எழுதிய சகோதரியே, இனி உங்களுக்கு என் பதில். மகனுடைய துணிச்சலை முறிக்க வேண்டாம். பாதையை மாற்றிக் கொடுங்கள். தலைக்கவசமும் வேகக் கட்டுப்பாடும் பேரம் பேசும் விஷயமல்ல என்று உறுதியாகச் சொல்லுங்கள். தகப்பனும் தொலைபேசியில் அதையே சொல்லட்டும். அதே மோட்டார் சைக்கிளில் அயல் வீட்டு விதவைக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கவும், இரவில் அவசர மருந்து எடுத்து வரவும் அனுப்புங்கள். 18 வயது கடந்தவன், உடல் நலமிருந்தால் இரத்த தானம் செய்யலாம். ஊசிக்குப் பயப்படாத துணிச்சலை அங்கே காட்டட்டும். ஒருவருடைய முகம் தன்னால் மலர்வதை அவன் ஒருமுறை கண்டால் போதும், மீதியை அந்த முகம் சொல்லிக் கொடுக்கும்.

இன்னுமொன்று. உங்கள் மதில் எது என்று அவனிடம் சொல்லுங்கள். தாய்க்கும் ஆசை உண்டு என்பது, தாய் சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தெரிவதில்லை. கடலில் குதிக்கத் தெரிந்த எனக்கே தெரியவில்லையே!

இதை வாசிக்கும் ஆண்களும் வீட்டில் இருப்பார்கள். இன்றைக்கு அசருக்குப் பிறகு தேத்தண்ணியை நீங்கள் ஊற்றுங்கள். போதுமா என்று கேளுங்கள். பதில் வரும் வரை எழும்பாதீர்கள்.

வஸ்ஸலாம்.