உப்புக்கும் ஒரு கணக்கு வேண்டும்

உழவும் நெசவும் உடன்பிறந்த தொழில்கள் என்று நாம் மேடைதோறும் பேசி வருகிறோம். பஞ்சை விளைவிப்பவர் உழவர்; அதை ஆடையாக்குபவர் நெசவாளர். இவ்விரண்டுக்கும் நடுவே சாயத் தொழில் நிற்கிறது. சாயத்தொட்டியில் நூல் இறங்கி ஏறிய பின்னர் மிஞ்சும் நீர் எங்கே போகிறது, யாருடைய கிணற்றில் போய்ச் சேருகிறது என்னும் கேள்வி நம் சங்கங்களின் மகாசபைகளில் எழுவது மிக அரிது. நெசவாளரும் உழவரும் ஒருங்கே படிக்கும் இவ்விதழில் அக்கேள்வியை எழுப்புவது நம் கடமை என்று கருதுகிறோம்.

நொய்யலாற்றின் வரலாற்றை அங்கத்தினர்கள் அறிவார்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கும் ஆறு அது. மழையில் பெருகிக் கோடையில் வறளும் சிற்றாறுதான். ஆயினும் அணைக்கட்டு, வாய்க்கால், குளம் என்று சங்கிலிபோல் கோத்து, அச்சிற்றாற்றைக் கொண்டே கொங்கு நாட்டார் நெடுங்காலம் வேளாண்மை செய்துவந்தனர். அதன் கரையிலே திருப்பூரின் பின்னலாடைத் தொழில் 1980-களிலிருந்து வெகு வேகமாக வளர்ந்தது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்ட தொழில் அது. அதன் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், அத்தொழிலுடன் சேர்ந்து சலவைப் பட்டறைகளும் சாயப் பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. அவை கழித்த நீர் ஆற்றிலே விழுந்தது. கோடையில் நொய்யலில் ஓடியது பெரும்பாலும் அந்நீரே.

சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையத்தில் 1992-ஆம் ஆண்டில் ஓர் அணை பயன்பாட்டுக்கு வந்தது. பத்தாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தருவது அதன் நோக்கம். சில ஆண்டுகளுக்குள்ளேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறிற்று. தண்ணீர் வேண்டுமென்று கேட்க வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகளே, இத்தண்ணீர் எங்கள் வயலுக்கு வேண்டாம் என்று முறையிட நேர்ந்தது. அணையைச் சுற்றியிருந்த ஊர்களில் கிணறுகள் உவர்த்தன. குடிநீரை வேறிடத்திலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று.

பாசனதாரர்கள் வழக்காடினார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை பட்டறைகள் அபராதம் செலுத்த வேண்டுமென்றும், குறித்த காலத்துக்குள் கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்த வேண்டுமென்றும் ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பின்னரும் நிலைமை திருந்தாமற் போகவே, 2011 ஜனவரியில் எல்லாச் சாயப் பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர் வேலையிழந்து தவித்தனர். நீரை மீட்டு மறுபடியும் பயன்படுத்தும் வசதியைச் செய்துகொண்ட பிறகே அவை படிப்படியாகத் திறந்தன. முதலில் விவசாயி நிலத்தை இழந்தார். பின்னர் தொழிலாளி வேலையை இழந்தார். இருவரும் பெரும்பாலும் ஒரே ஊரார். சில வீடுகளில் ஒரே குடும்பத்தார்.

இவ்வளவும் நேர்ந்ததற்குக் காரணம் சாயத்தின் நிறம் என்றே பலர் எண்ணுகின்றனர். நிறம் கண்ணுக்குத் தெரிவதால் பழியும் அதன் மேல் விழுகிறது. சுண்ணாம்பும் அன்னபேதியும் இட்டால் நிறத்தைப் பெரும்பாலும் படியவைத்துவிடலாம். தொடக்கத்தில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் செய்த வேலை ஏறக்குறைய அவ்வளவே. அவை வெளியிட்ட நீர் தெளிவாக இருந்தது. ஆனால் அதில் உப்பு அப்படியே இருந்தது.

பருத்தி நூலுக்கு இன்று மிகுதியாகப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்கள் 1956-இல் விற்பனைக்கு வந்தவை. நீரில் நூலும் அச்சாயமும் ஒன்றையொன்று விலக்கும் இயல்புடையவை. அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை நூலிடம் சேர்ப்பதற்காகவே சாதாரண உப்போ கிளாபர் உப்போ தொட்டியில் இடப்படுகிறது. இத்தூது வேலை முடிந்ததும் உப்பு நூலில் தங்குவதில்லை. முழுவதும் நீரிலேயே நின்றுவிடுகிறது. வாங்கிய உப்பில் ஒரு பிடிகூடச் செலவாவதில்லை என்பதே இதன் பொருள். மீட்டெடுக்கப்படாத ஒவ்வொரு மூட்டையும் ஆற்றிலோ நிலத்திலோ கிடக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ நூலுக்குப் பத்து லிட்டர் சாயநீர் என்று குறைவாகவே கொள்வோம். அழுத்தமான நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால், 100 கிலோ நூலுக்கு 60 கிலோ உப்பாகிறது. கழிவுநீரில் கரைந்துள்ள உப்புக்களுக்கு விதிக்கப்பட்ட வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். இந்த 60 கிலோவை அவ்வரம்புக்குக் கொண்டுவர வேண்டுமாயின், உப்பே இல்லாத தூய நீர் 28,000 லிட்டருக்கு மேல் கலக்க வேண்டும். கோடையில் வறண்டு கிடக்கும் ஆற்றுக்கு அந்நீர் எங்கிருந்து வரும்? உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைக்கிறது. நிலம் இறுகி, நீர் உள்ளிறங்க மறுக்கிறது. ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடிவதில்லை. இத்தகைய நிலத்தைத் திருத்தப் பல மழைக்காலங்கள் பிடிக்கும்.

பழியை ஒரு சாராரின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. நகரத்துப் பட்டறைகளுக்கு நீர் போதாத காலத்தில், சுற்றுப்புறக் கிராமங்களின் கிணற்று நீரை லாரிகளில் ஏற்றி விலைக்கு விற்றவர்களில் விவசாயிகளும் இருந்தனர். நல்ல நீர் மேலே போய், கெட்ட நீர் கீழே வந்தது. மலிவான துணியை விரும்பி வாங்கிய வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் அந்த மலிவின் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை.

நம் கைத்தறிச் சங்கங்கள் சாயமேற்றுவது மிகச் சொற்பம். திருப்பூரோடு நம்மை ஒப்பிடலாமா என்று சில அங்கத்தினர் கேட்கக்கூடும். திருப்பூரை அந்நிலைக்குக் கொண்டுவந்தது ஒரு பெரிய ஆலை அன்று. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் சேர்ந்தே அந்த ஆற்றைக் கெடுத்தன. அவற்றில் பலவும், நம்முடையது சொற்பந்தானே என்று எண்ணிய சிறு பட்டறைகளே.

உப்பை மீட்பதற்குச் செலவாகுமே, ஏழை நெசவாளி அதை எங்ஙனம் தாங்குவார் என்ற கேள்வி இன்னும் வலுவானது. அதை நாம் ஒதுக்கிவிடவில்லை. நீரைச் சவ்வின் வழியே அழுத்திப் பிரிப்பதற்கும், மிஞ்சும் உவர்நீரைக் காய்ச்சி உப்பாக்குவதற்கும் மின்சாரமும் விறகும் ஏராளமாக வேண்டும். அப்படியும், மறுபடி பயன்படாத கலப்பு உப்பு ஒரு பங்கு மிஞ்சவே செய்கிறது. ஆனால், அச்செலவைச் செய்யாது விட்டால் அது மறைந்துபோவதில்லை. நெசவுச் சங்கத்தின் பேரேட்டிலிருந்து உழவர் வீட்டுக் கடன் பத்திரத்துக்குப் பெயர்ந்து செல்கிறது. ஒருவர் சுமையை மற்றொருவர் அறியாமல் அவர் முதுகில் ஏற்றுவது கூட்டுறவு ஆகாது. சிறு சங்கங்களால் தாங்கவியலாத பங்கை அரசாங்கம் கடனாகவும் மானியமாகவும் ஏற்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. நம் கணக்கை நாமே ஒழுங்காக வைத்திருந்தால்தான் அவ்வுரிமைக்கு வலிமை இருக்கும்.

ஆகவே, அங்கத்தினர்களின் ஆலோசனைக்குச் சில யோசனைகளை வைக்கிறோம். சாயமேற்றும் ஒவ்வொரு சங்கமும் உப்புக்கென்று தனிப் பேரேடு வைக்கட்டும். வாங்கிய மூட்டை எத்தனை, மீட்டது எத்தனை, மிஞ்சிய வித்தியாசம் எங்கே என்பதை வருடாந்தர மகாசபையில் வரவு செலவுக் கணக்கோடு சேர்த்து வாசிக்கட்டும். சாயத்தை வெளியில் கொடுத்து ஏற்றும் சங்கங்கள், மீட்பு வசதியில்லாத பட்டறைக்கு, அது எவ்வளவு குறைந்த கூலி கேட்டாலும், நூலை அனுப்பாதிருக்கட்டும். மழைக்கு முன்னும் பின்னும் சுற்றுவட்டாரக் கிணறுகளின் உப்பளவைக் குறிக்கும் பொறுப்பை உழவர் அங்கத்தினர் இருவர் ஏற்கட்டும். அக்குறிப்பும் அதே பேரேட்டில் பதிவாகட்டும். மீட்புச் செலவைத் துணியின் விலையில் மறைக்காமல் தனியாகக் காட்டினால், வாங்குவோரும் தாம் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அறிவார்கள்.

ஓர் ஆற்றங்கரையில் கெடுபிடி வந்தால் வேறோர் ஆற்றங்கரைக்குப் போவது சிலருக்கு எளிதாகத் தோன்றலாம். பவானியும் காவிரியும் நம்முடையவையே. அங்குள்ள பாசனதாரர்களும் நம்மவரே. உப்பு எங்கே போனாலும் யாரோ ஓர் உழவரின் வரப்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இழையெண்ணிக்கையையும் சாயத்தின் கெட்டியையும் கொண்டு துணியின் தரத்தை அளந்து வந்திருக்கிறோம். அத்துணி விட்டுச் சென்ற நீரின் தரத்தையும் இனி நாம் அளந்தாக வேண்டும். அடுத்த மகாசபையிலேயே இதற்கான தீர்மானத்தை ஒவ்வொரு சங்கமும் கொண்டுவருமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.