கம்பி தாங்கும், தொழிலாளி தாங்குவானா?



மின்சாரக் கார்கள் பெருகினால் நாட்டின் மின்கம்பிகள் தாங்கமாட்டா என்று சிலர் பயமுறுத்துகின்றனர். கணக்குப் பார்ப்போம்.

ஒரு கார் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட, சுமார் 3,000 யூனிட் மின்சாரம் போதும். பத்து இலட்சம் கார்களுக்கு 300 கோடி யூனிட். மலேசியா ஓராண்டில் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் இது ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை!

ஆபத்து அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அத்தனை கார்களும் மாலையில் ஒரே சமயத்தில் 7 கிலோவாட் வீதம் இழுத்தால் 7,000 மெகாவாட்! தீபகற்பத்தின் உச்சத் தேவையே சுமார் 20,000 மெகாவாட்தான். தெருமுனை டிரான்ஸ்பார்மர்தான் முதலில் திணறும்.

பால் நிறுக்கும் இடத்தில் எல்லோரும் வாளியோடு முண்டியடித்தால் நெரிசல். கிராணி முறைவைத்து அழைத்தால் வேலை ஓடும். மின்சாரமும் அப்படியே. நள்ளிரவுக்குப்பின் முறைவைத்து ஏற்றினால் கம்பி தாங்கும்.

நம் கேள்வி வேறு. புதுக் கம்பிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் ஆகும் செலவு யார் தலையில்? இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் வைத்திருக்கும் பால்வெட்டுத் தொழிலாளியின் தலையிலா?

மாலை நெரிசலில் காருக்கு மின்சாரம் இழுப்பவரே கூடுதல் கட்டணம் கட்டட்டும்! ஏழையின் பில்லில் ஒரு காசும் ஏறக்கூடாது! இதுவே நமது கோரிக்கை.