அத்தை சொன்ன கணக்கு

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர் திண்ணையில் உட்கார்ந்து, படிவத்தை மடியில் விரித்துக்கொண்டு, "வீட்ல மொத்தம் எத்தனை பேரும்மா?" என்றார். அடுத்த வீட்டு அத்தை, திருப்பூரில் வேலை பார்க்கும் மகனையும் சேர்த்துச் சொன்னார். விட்டால் ரேஷன் கார்டில் பேரை அடித்துவிடுவார்களாம். வீண் பயம். 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி நாம் சொல்கிற விவரம் ரகசியம். ரேஷனைத் தொடுவது தனி ஆளின் பதில் அல்ல, கூட்டுத்தொகை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேர் வரை ரேஷன் என்கிறது. எத்தனை பேரில் என்று கேட்டால் அந்த 2011 தலைக்கணக்கில்தான். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் ஹைஸ்கூலுக்கே போய்விட்டார்கள். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவில் தள்ளிப்போய், இப்போது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். இந்தத் தடவை அத்தை மகன் திருப்பூரிலேயே பேர் கொடுக்கட்டும். அவன் குடிக்கிற தண்ணீரும் ஏறுகிற பஸ்ஸும் அந்த ஊருடையவை. பக்கத்து அறையில் நான்கைந்து பேராகத் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்களையும் அங்கே வரும் டீச்சருக்குக் காட்டிவிடட்டும். அவர்கள் ஷிப்டுக்குப் போன நேரம் பார்த்து வந்தால், பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்.