தெருமுனைப் பூங்காவையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னைப் பூங்காக்களின் பராமரிப்பு குறித்த தங்கள் கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். கதீட்ரல் சாலையில் 2010-இல் செம்மொழிப் பூங்காவும் 2024-இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் வந்தது மகிழ்ச்சியே. ஆனால், அன்றாடம் நடந்தே போய்வர முடிவது தெருமுனைப் பூங்காவுக்குத்தான்.

எங்கள் பகுதிப் பூங்காவில் ஊஞ்சலின் ஒரு பக்கச் சங்கிலி அறுந்து மாதக்கணக்காகிறது. தொங்கும் சங்கிலியைப் பிள்ளைகள் சுழற்றி விளையாடுவதைப் பார்த்தாலே பதறுகிறது. கழிப்பறைக்கோ எப்போதும் பூட்டு. அதனாலேயே நடைப்பயிற்சிக்கு வரும் சர்க்கரை நோயாளிகள், குறிப்பாகப் பெண்கள், பாதியிலேயே வீடு திரும்புகிறார்கள்.

ஒவ்வொரு பூங்கா வாயிலிலும் பராமரிப்புக்குப் பொறுப்பானவரின் தொலைபேசி எண்ணையும், கடைசியாகப் பழுது பார்த்த தேதியையும் எழுதி வைக்க வேண்டும். கழிப்பறைப் பூட்டை நாளைக்கே திறந்துவிடலாம்.

வாசகி, சென்னை